ஓடிப்போக வழி இருந்தால் கிட்டே வரும்

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் புகுந்துகொண்ட பூனைக்குட்டியை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டுத்தான் பெரும்பாலும் எனக்கு அழைப்பு வரும். மழையில் நனைந்து கார் டயரின் மேல் ஒண்டிக்கிடந்ததைத் தூக்கி வந்திருப்பார்கள். தாய் அடிபட்டுச் செத்த இடத்தில் கத்திக்கொண்டிருந்ததை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருப்பார்கள். காப்பாற்றியவர்களைக் கண்டாலே அது சீறுகிறது, முடியைச் சிலிர்த்துக்கொள்கிறது, கிடைத்த இடுக்கில் நுழைந்துவிடுகிறது. "ரெண்டு நாளா வெளியவே வரலைங்க, கையை விட்டா பிறாண்டுது" என்பார்கள். குரலில் கவலையோடு கொஞ்சம் மனத்தாங்கலும் இருக்கும். எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒயரும் சூடும் இருப்பதால் அந்த இடுக்கை அடைத்தாக வேண்டும். ஆனால் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, குட்டி தானாக வெளியே வந்த நேரம் பார்த்து அடையுங்கள்.

நம் கண்ணுக்கு நன்றியில்லாத்தனம் போலத் தெரிவதைக் குட்டியின் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஆறு வாரக் குட்டி அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டியிருக்கும். அதன்மேல் குனிகிற மனிதர் அதைப்போல நூறு மடங்கு எடை. பூனையை வேட்டையாடும் விலங்காகவே நினைத்துப் பழகிவிட்டோம். இந்த அளவு உடம்போடு தெருவில் இருக்கும்போது நாய்க்கும் பருந்துக்கும் அது இரை. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வாழ்ந்து, தனித்து வேட்டையாடிய விலங்கு. நாயின் மூதாதைக்கு ஆபத்து வந்தால் கூட்டம் துணைக்கு நிற்கும். காட்டுப்பூனைக்கு அப்படி யாருமில்லை. கண்ணில் படாமல் பதுங்குவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு. ஒளிந்துகொள்ளும் குட்டி தன் இனத்துக்கு வாய்த்த ஒரே வைத்தியத்தைத் தனக்குச் செய்துகொள்கிறது. கையை விட்டு வெளியே இழுக்கிறபோது அந்த ஒன்றையும் நாம் பிடுங்கிவிடுகிறோம்.

மிரண்ட நேரத்தில் அதன் மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி அபாய மணி அடிக்கிறது. அட்ரினல் சுரப்பிகளிலிருந்து அட்ரினலினும் கார்டிசாலும் ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் படபடக்கும், கண்மணி அகலும், ரத்தம் தசைகளுக்குப் பாயும், செரிமானம் ஓரமாக ஒதுக்கப்படும். பசியில் வாடும் குட்டிகூட முதல் நாள் கிண்ணத்தைத் தொடாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். வீடு அடங்கி விளக்கு அணைந்த பிறகு வந்து தின்னும். அட்ரினலினின் வேகம் விரைவில் தணிந்துவிடும், கார்டிசால் இறங்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். அது இறங்குவதற்குள் எதிர்வீட்டுப் பிள்ளைகள் பார்க்க வந்து, டார்ச் அடித்து, ஆளுக்கொரு முறை தூக்கினால், முந்தைய பயத்தின் மேலேயே அடுத்த பயம் ஏறுகிறது. அடிக்கடி பார்த்தால் பழகிவிடும் என்பது பாதி உண்மை. தாங்கக்கூடிய அளவில் வரும் புதுமைதான் பழகும். தாங்க முடியாத அளவில் திரும்பத் திரும்ப வந்தால் உணர்ச்சி மழுங்குவதற்குப் பதிலாகக் கூர்மையாகும், அடுத்த முறை காலடி ஓசைக்கே குட்டி பாயும்.

நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட எளிய ஆய்வு ஒன்று இருக்கிறது. காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள், 9 பூனைகளுக்குக் கொடுக்கவில்லை. அவை உட்காரும் விதம், காது, வால், கண்மணி ஆகியவற்றைப் பார்த்து மன அழுத்தத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். மூன்றாம், நான்காம் நாட்களில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. பெட்டி கிடைத்தவை முன்னதாகவே நிதானத்துக்கு வந்துவிட்டன. ஒளிய இடம் கொடுத்தால் குட்டி அங்கேயே கிடந்துவிடும், பழகாது என்று அஞ்சுகிறவர்களுக்கு நான் எப்போதும் இந்த ஆய்வைச் சொல்வேன்.

ஆகவே முதல் ஏற்பாடு ஓர் அறை. வீடு முழுவதையும் திறந்துவிடுவது தாராளமாகத் தோன்றும், குட்டிக்கு அது திக்குத் தெரியாத காடு. சின்ன அறையாக இருக்கட்டும், சமையலறையிலிருந்து தள்ளியிருக்கட்டும். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், பூனையின் காது 85,000 ஹெர்ட்ஸ் வரை. மிக்ஸியும் குக்கர் விசிலும் அதற்கு எப்படி ஒலிக்கும் என்று நம்மால் கற்பனைகூடச் செய்ய முடியாது. கட்டிலடி, பீரோவின் பின்புறம் போன்ற கை எட்டாத இடங்களை முன்கூட்டியே அடைத்துவிட்டு, கவிழ்த்த அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டி, உள்ளே நீங்கள் உடுத்திக் கழற்றிய பழைய பனியனைப் போட்டு வையுங்கள். பூனை உலகை மூக்கால் படிக்கிறது. உங்கள் வாசனை உங்களுக்கு முன்பே அதனிடம் போய்ச் சேரட்டும். பெட்டிக்கு இந்தப் பக்கம் சாப்பாடும் தண்ணீரும், எதிர் மூலையில் மணல் தட்டு. சிலர் பாத்ரூமில் விடுகிறார்கள். வேறு இடமில்லாவிட்டால் சரி, ஆனால் தரையில் ஃபினாயில் ஊற்றிக் கழுவக் கூடாது. பீனால் வகை வேதிப்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே குட்டிக்கு அது நஞ்சாகிவிடும்.

குட்டியின் வயது என்ன என்பது அடுத்த கேள்வி, மிக முக்கியமான கேள்வியும்கூட. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980-களில் நடத்திய ஆய்வுகள் இதற்கு அடித்தளம். வெவ்வேறு வயதில் குட்டிகளைக் கையில் எடுத்துப் பழக்கத் தொடங்கி, பிறகு அவை மனிதர் மடியில் எவ்வளவு நேரம் இருக்கின்றன, எவ்வளவு விரைவாக மனிதரை நாடி வருகின்றன என்று அளந்தார். மூன்றாம் வாரத்திலேயே மனிதக் கையைக் கண்டவை நன்றாக ஒட்டின. ஏழாம் வாரத்தில் தொடங்கியவை கையே படாதவற்றோடுதான் கூடுதலாக ஒத்திருந்தன. நாளுக்கு 15 நிமிடம் தூக்கியதைவிட 40 நிமிடம் தூக்கியது கூடுதல் பலன் தந்தது. இந்த வரிசை ஆய்வுகளிலிருந்துதான் பிறந்து இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை பூனைக்குட்டியின் உணர்திறன் காலம் என்ற முடிவு வந்தது. கண் திறந்து, காது கேட்கத் தொடங்கி, கால் ஊன்றி நடக்கும் பருவம் அது. உலகில் எவையெல்லாம் பயப்படத் தேவையில்லாதவை என்ற பட்டியலை மூளை அப்போது எழுதிக்கொள்கிறது. நாய்க்குட்டிக்கு இந்தக் காலம் பன்னிரண்டு வாரம் வரை நீள்கிறது. பூனைக்குச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

வயதைக் கண்ணைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். நீலக் கண் நிறம் மாறத் தொடங்கவில்லை என்றால் குட்டிக்குப் பெரும்பாலும் ஆறேழு வாரம் ஆகியிருக்காது. அப்படியானால் நேரம் உங்கள் பக்கம் இருக்கிறது. மூன்று மாதக் குட்டி என்றால் கதவு முழுவதும் சாத்திவிட்டது என்று பொருளில்லை. கார்ஷ் கண்டது எளிதாகக் கற்கும் காலத்தின் எல்லையைத்தான். அதற்குப் பிறகும் கற்கும், மெதுவாக, ஒவ்வொரு மனிதரையும் தனித்தனியாக. நம் தெருக்களில் பிறந்த குட்டிகளில் பல மனிதர்களைப் பார்க்காதவையும் அல்ல. மீன் வெட்டுகிற கடையோரத்திலும் மாடிப்படிக்கு அடியிலும் வளர்ந்தவை. மனிதக் குரலும் செருப்புச் சத்தமும் அவற்றுக்குத் தெரியும். என்ன, அந்தச் செருப்பு சில சமயம் தம்மேல் எறியப்படும் என்பதையும் சேர்த்தே கற்றிருக்கின்றன.

வயதைப் போலவே பிறப்பும் பேசும். பிரிட்டனின் சாண்ட்ரா மெக்யூன் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், மனிதரோடு இயல்பாகப் பழகும் ஆண் பூனைக்குப் பிறந்த குட்டிகளையும், பழகாத ஆண் பூனைக்குப் பிறந்தவற்றையும் ஒப்பிட்டார். இரண்டு வகையிலும் பாதியை இரண்டாம் வாரத்திலிருந்து மனிதக் கையில் பழக்கினார்கள், பாதியைப் பழக்கவில்லை. தகப்பன் பூனைகளைக் குட்டிகள் பார்த்ததே இல்லை. ஆகவே அவற்றிடமிருந்து கற்றிருக்க முடியாது. ஒரு வயதில் சோதித்தபோது, நல்ல தகப்பனுக்குப் பிறந்தவை மனிதரிடம் விரைவாக வந்தன. அவை முன்பின் பார்த்திராத ஒரு பெட்டியையும் தயங்காமல் ஆராய்ந்தன. தகப்பன் வழியாக வந்தது மனிதப் பாசம் அன்று, புதியதைக் கண்டு அஞ்சாத துணிச்சல் என்று மெக்யூன் விளங்கிக்கொண்டார். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டில் ஒன்று உங்கள் காலைச் சுற்றுவதும் மற்றது மூலையை விட்டு நகராததும் இதனால் இருக்கலாம். ஒரே ஈற்றுக்குத் தகப்பன்கள் வெவ்வேறாகவும் இருக்கலாம் என்பது பூனை இனத்தின் இன்னொரு விசேஷம். நகராத குட்டியின் மேல் கோபப்பட இதில் எதுவும் இல்லை.

வயதையும் பிறப்பையும் நம்மால் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது ஒன்று: அடுத்து என்ன நடக்கும் என்று குட்டியால் ஊகிக்க முடிகிறதா, பிடிக்காவிட்டால் விலகிப் போக முடிகிறதா என்பது. நம்பிக்கை என்று நாம் சொல்வதன் உடற்கூறு பெரும்பாலும் இவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன். கேத்தி கார்ல்ஸ்டெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. ஆய்வுக்கூடப் பூனைகளில் ஒரு பிரிவுக்கு உணவும் கவனிப்பும் ஒழுங்கான நேரத்தில், பழகிய விதத்தில் நடந்தன. இன்னொரு பிரிவுக்கு நேரம் தாறுமாறு, பழகாத கைப்பிடி, கொஞ்சல் இல்லை. இரண்டாம் பிரிவுப் பூனைகளின் சிறுநீரில் கார்டிசால் உயர்ந்தது. அவை விளையாடுவதையும் சுற்றிப் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டு, கூடுதல் நேரம் விழித்துக் காவல் இருந்தன, ஒளிய முயன்றன. பசியோ அடியோ இல்லை. என்ன வரும் என்று தெரியாமல் போனதே போதுமானதாக இருந்தது.

அதனால் வீட்டில் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்வது நல்லது. ஒரே நேரம், ஒரே கிண்ணம், உள்ளே வரும்போது ஒரே சொல். கரண்டியால் கிண்ணத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வையுங்கள். நாலைந்து வேளையில் அந்தத் தட்டல் குட்டிக்கு ஒரு செய்தியாகிவிடும். நின்றுகொண்டு பார்க்காமல் தரையில் உட்காருங்கள், பக்கவாட்டில் திரும்பி. புத்தகம் ஒன்றை முணுமுணுத்து வாசியுங்கள். குரல் பழகும், அந்தக் குரலோடு எந்தத் தீங்கும் வரவில்லை என்பதும் பழகும்.

இனி உணவு. இதற்கு முன்னோடியான பரிசோதனை நூறாண்டு பழையது, அதில் பயந்தது ஒரு குழந்தை, பயமுறுத்தியது ஒரு முயல். அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-ல் வெளியிட்ட கட்டுரையில், மூன்று வயதை நெருங்கிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். முயலைக் கண்டால் அலறுவான். அவன் பிடித்த பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது, கூண்டிலுள்ள முயலை அறையின் மறுகோடியில் வைத்தார்கள், அவன் தின்பதை நிறுத்தாத தூரத்தில். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினார்கள். கடைசியில் முயல் தன் விரலைக் கடித்து விளையாட விட்டான் பீட்டர். பயத்துக்குரிய பொருளும் இன்பமும் ஒரே நேரத்தில் வரும்போது, பயம் மேலோங்காத அளவுக்குத் தூரம் இருந்தால், இன்பம் அந்தப் பொருளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. தூரத்தில் தவறினால் இது தலைகீழாகவும் நடக்கும், பண்டமே பயத்துக்கு அறிகுறியாகிவிடும் என்று ஜோன்ஸ் எச்சரித்தார்.

பூனைக்குட்டி விஷயத்தில் முயலின் இடத்தில் இருப்பது நாம். கிண்ணத்துக்கும் உங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்தால் குட்டி தின்கிறதோ, அதுதான் இன்றைய தூரம். நாளை ஒரு சாண் நெருங்குங்கள். தின்பதை நிறுத்தி உங்களையே பார்த்தால் ஒரு சாண் கூடிவிட்டது, பின்வாங்குங்கள். நீண்ட கரண்டியின் நுனியில் மசித்த கோழிக்கறி வைத்து நீட்டலாம். கரண்டியிலிருந்து விரலுக்கு வர நாளாகும். கறி உப்பில்லாமல், வெங்காயம் பூண்டு படாமல் வெந்ததாக இருக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. வயிற்றுப்போக்கில் குட்டி துவண்டுபோனால் பழக்கம் எங்கே வரும்? இந்த உபாயத்தைக் கேட்டுவிட்டு, குட்டியைப் பட்டினி போட்டால் சீக்கிரம் வழிக்கு வரும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அது கொடுமை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. குட்டியின் உடம்பில் சேமிப்பு மிகக் குறைவு. ஒரு நாள் முழுதும் எதையும் தின்னாத குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அன்றாடச் சாப்பாடு நிபந்தனையில்லாமல் கிடைக்கட்டும், சுவையான அந்த ஒரு வாய் மட்டும் உங்களோடு வரட்டும்.

பூனையின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்வு ஒன்று இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்தமானது. வீட்டுப் பூனையையும் காட்டுப்பூனையையும் ஒப்பிட்ட வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, மனிதரோடு வாழத் தொடங்கியபின் மாறிய மரபணுக்களைத் தேடியது. கிடைத்தவற்றில் பல, நினைவோடும் பயத்தைக் கற்பதோடும் பரிசுக்காகக் கற்பதோடும் தொடர்புடையவை. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்காசியத் தானியக் கிடங்குகளில் எலி பிடிக்க வந்த பூனைகளில், மனிதர் அருகில் கொஞ்சம் குறைவாகப் பயந்தவை நின்றன, தின்றன, ஈன்றன. பரிசுக்காகக் கற்று மனிதரிடம் பயம் குறையும் அந்தத் திறன், பெட்டிக்குள் பதுங்கியிருக்கும் உங்கள் குட்டியிடமும் இருக்கிறது.

எப்போது தொடுவது? குட்டி தொட்ட பிறகு. சூரிச்சில் டென்னிஸ் டர்னரும் கிளாடியா மெர்ட்டன்ஸும் 1980-களில் மனிதரும் பூனையும் பழகும் விதத்தை உற்றுநோக்கினார்கள். பூனை தொடங்கிய கொஞ்சல்கள் நீண்டன, மனிதர் தொடங்கியவை சீக்கிரம் முடிந்தன. கையை மடக்கி, ஒரு விரல் முட்டியை மூக்குக்குச் சற்று முன்னால் நீட்டி நிறுத்துங்கள். அது மோந்து பார்த்துக் கன்னத்தைத் தேய்த்தால் அனுமதி கிடைத்தது. கன்னத்திலும் தாடையிலும் கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன, அங்கே வருடினால் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். வாலடியைத் தொடுவதுதான் மிகக் குறைவாகப் பிடிக்கிறது என்று 2015-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. வயிறு பக்கம் போகவே வேண்டாம். மூன்று விநாடி வருடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். தலையை நீட்டி மறுபடி கேட்டால் மறுபடி. லாரன் ஃபின்காவின் குழு லண்டன் பேட்டர்சீ காப்பகத்தில் 100 பூனைகளை வைத்து இதைச் சோதித்து 2021-ல் எழுதியது. பூனைக்கு விலகும் வாய்ப்பைக் கொடு, அதன் உடல்மொழியைக் கவனி, தொடும் இடத்தைப் பார்த்துத் தொடு என்ற சிறு பயிற்சியை ஐந்தே நிமிடத்தில் முன்பின் அறியாத மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். பயிற்சிக்குப் பின் அதே மனிதர்களிடம் பூனைகள் கூடுதலாக ஒட்டின, கடியும் பிறாண்டலும் குறைந்தன. மாற்றப்பட்டது மனிதர்களின் நடத்தை.

கண்ணும் ஒரு வழி. உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். கண்ணைப் பாதி மூடி, மெல்ல இமைத்து, விலக்கிக்கொள்வது அதற்கு நேர்மாறு. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் டாஸ்மின் ஹம்ஃப்ரியும் கேரன் மெக்கோம்பும் 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பின் பார்த்திராத ஒருவர் மெல்ல இமைத்துவிட்டுக் கையை நீட்டியபோது, சலனமில்லாத முகத்தோடு நீட்டியபோதைவிடப் பூனைகள் அதிகமாக நெருங்கி வந்தன. திரும்ப இமைக்கவும் செய்தன. இதற்குச் செலவில்லை, அறையின் மறுகோடியிலிருந்தே செய்யலாம், குட்டியை எந்தக் கட்டாயத்துக்கும் உள்ளாக்குவதில்லை.

மிரண்டும் ஓடாத குட்டிதான் பலரை ஏமாற்றுகிறது. தூக்கினால் சும்மா இருக்கிறது, பழகிவிட்டது என்பார்கள். பாருங்கள்: கண்மணி முழுக்க விரிந்திருக்கும், காது பக்கவாட்டில் படிந்திருக்கும், வால் உடம்போடு ஒட்டியிருக்கும், உடம்பு விறைத்திருக்கும். அது உறைந்துபோன நிலை. தப்ப வழியே இல்லை என்று முடிவு செய்துவிட்ட உடம்பு அப்படித்தான் அசையாமல் கிடக்கும். கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கினால் அடங்குகிறதே என்பதும் இதோடு சேர்த்தி. தாய்ப்பூனை முதல் சில வாரங்களில் இடம் மாற்றும்போது கவ்விச் செல்வது உண்மைதான். மனிதக் கை அதையே ஓர் அடக்குமுறையாகச் செய்வதைப் பூனை மருத்துவ அமைப்புகள் இன்று ஏற்பதில்லை. பயந்த குட்டியின் தொண்டையில் ஓடும் கர்ர் ஓசையைக்கூட மகிழ்ச்சி என்று உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது. வலியிலும் அந்த ஓசை வரும்.

துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளும் முறை பற்றி மீட்பாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆறு, ஏழு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு, சூடான துண்டில் தளர்வாகச் சுற்றி, வாயருகே உணவோடு, சில நிமிடம் வைத்திருந்து இறக்கிவிடுவது பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன். பயம் இன்னும் இறுகாத வயது அது. அதே முறையை மூன்று மாதக் குட்டியிடம் செய்வதை நான் ஆதரிக்கவில்லை. அந்த வயதில் அது கற்றுக்கொள்வது துண்டைக் கண்டால் ஓட வேண்டும் என்பதைத்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது, பூனை வழியாகவும் அது வரும். குட்டி கடித்தாலோ நகம் பட்டுத் தோல் கிழிந்தாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சின்னக் குட்டிதானே என்று தள்ளிப்போட வேண்டாம். குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதில் போடப்படுகிறது.

விளையாட்டு சில குட்டிகளை உணவைவிட விரைவாக அருகில் கொண்டுவரும். குச்சி நுனியில் கட்டிய துணிப்பட்டை தரையில் ஓடும்போது, துரத்தும் உந்துதல் பதுங்கும் உந்துதலைத் தள்ளிவிட்டு முன்னுக்கு வருகிறது. குச்சி நீளமாக இருப்பதால் நீங்கள் தூரத்திலேயே இருக்கலாம். பட்டையைக் குட்டியை நோக்கி ஓட்டாதீர்கள், எந்த இரையும் பூனையை நோக்கி ஓடுவதில்லை. அதைவிட்டு விலகி, மறைவுக்குள் நழுவுவதுபோல் இழுத்துப் பாருங்கள். விரல்களை விளையாட்டுப் பொருளாக்க வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் நூலையும் குச்சியையும் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கிய நூல் குடலை அறுத்துவிடும்.

ஜோன்ஸின் கட்டுரையில் பலரும் தாண்டிப் போய்விடும் பகுதி ஒன்று உண்டு. உணவை வைத்துப் பழக்குவதற்கு முன், முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளோடு பீட்டரை விளையாட விட்டார்கள். அவர்களைப் பார்த்தே அவன் கொஞ்சம் தேறினான். பூனைக்குட்டிகளும் பார்த்துக் கற்பவை. ஃபில்லிஸ் செஸ்லர் 1969-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஆய்வில், நெம்புகோலை அழுத்தினால் உணவு வரும் என்பதைத் தாய் செய்யப் பார்த்த குட்டிகள் மிக விரைவாகக் கற்றன. வேறொரு பூனை செய்யப் பார்த்தவை சற்றுத் தாமதமாகக் கற்றன. யாரையும் பார்க்காதவை கற்கவே இல்லை. வீட்டில் மனிதரிடம் இழையும் நிதானமான பூனை ஒன்று இருந்தால், தடுப்பூசியும் உடல்நலமும் சரிபார்த்தபின், மிரண்ட குட்டி பார்க்கும்படி அந்தப் பூனையைக் கொஞ்சுங்கள். குட்டி பெட்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். நான் எவ்வளவோ பாடுபட்டும் வராத குட்டிகள் பெரிய பூனையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்ததுண்டு.

அதே கட்டுரையில் இன்னொரு நிகழ்ச்சி. பீட்டர் ஓரளவு தேறிய நிலையில் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் இருந்தான். திரும்பும்போது பெரிய நாய் ஒன்று அவன்மேல் பாய்ந்தது. முயல் பயம் முழுவதும் திரும்பிவிட்டது. தேறிய குட்டி ஒரே நாளில் பழையபடி பெட்டிக்குள் போய்விட்டது என்று மனமுடைந்து சொல்கிறவர்களுக்கு இது பதில். பயத்தின் நினைவு அழிவதில்லை. ரஷ்ய உடலியலாளர் பாவ்லவ் தன் நாய்களிடமே இந்த இயல்பைக் கண்டார். மறைந்துவிட்டதாகத் தோன்றிய பழக்கம், சில காலம் சும்மா விட்டபின் தானே மீண்டது. பழைய சுவரெழுத்தின் மேல் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது இது, நல்ல மழை பெய்தால் அடியிலுள்ள எழுத்து தெரியும். மூளையின் முன்பகுதி அமிக்டலாவை அடக்கி வைக்கக் கற்கிறது, அமிக்டலா மறப்பதில்லை. இன்னொரு பூச்சுத் தேவை, அவ்வளவுதான். இரண்டாம் முறை பெரும்பாலும் முதல் முறையைவிட விரைவாக நடக்கும். தீபாவளி வெடிச்சத்தத்துக்குப் பிறகும், மருத்துவரிடம் ஊசி போட்டு வந்த பிறகும் சில நாள் பின்வாங்கத் தயாராக இருங்கள், பழைய தூரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

இந்தப் புதிய கல்வி, நடந்த இடத்தோடும் ஆளோடும் ஒட்டிக்கொண்டிருக்கும் தன்மையும் உடையது. அறைக்குள் மடியேறும் குட்டி, கூடத்துக்கு வந்தால் உங்களையே தெரியாததுபோல் ஓடும். 1967-ல் ராபர்ட்டா கொலார்ட் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒருவர் வளர்த்த குட்டிகள் அந்த ஒருவரிடம் மிகவும் ஒட்டின. ஐந்து பேர் மாறிமாறிப் பழக்கிய குட்டிகள்தான் புதியவர்களைக் கண்டு குறைவாகப் பயந்தன. ஆகவே முதல் ஆளிடம் குட்டி நிதானமான பிறகு, இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள், கண்ணாடி போட்டவர், தடித்த குரலுடையவர், வயதான பாட்டி என்று ஒவ்வொருவராக அதே கிண்ணத்தோடு உள்ளே வரட்டும். ஓடிப் பிடித்து விளையாடும் வயதுப் பிள்ளைகள் கடைசியில் வரட்டும்.

பழகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? மடியில் ஏறுவதை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள் என்பேன். ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டாலி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 70 குட்டிகளைப் பழக்கமில்லாத அறையில் வளர்ப்பவரோடு விட்டு, அவர் சற்று வெளியே போய்த் திரும்பும்போது என்ன செய்கின்றன என்று பார்த்தார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குட்டிகள் அவரை வரவேற்றுவிட்டு, நிம்மதியாக மறுபடி அறையைச் சுற்றிப் பார்க்கப் போயின. பாதுகாப்பான ஒட்டுதல் என்று அதைத்தான் அழைத்தார்கள். மற்றவை ஒட்டிக்கொண்டே இருந்தன அல்லது ஒதுங்கின. நீங்கள் இருக்கும் அறையில் உங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, காலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, பிறகு கால் நீட்டி உறங்குகிற குட்டி உங்களை நம்புகிறது. சில பூனைகள் ஆயுளுக்கும் அந்த இரண்டடித் தூரத்திலேயே நிற்கும். அதையும் குறையாக எண்ணாத வீடுதான் அவற்றுக்கு ஏற்ற வீடு.

ஒரு வேலையை முதல் நாளிலேயே தொடங்கிவிடலாம். பூனைக் கூடையை மருத்துவரிடம் போகும் அன்று மட்டும் பரணிலிருந்து இறக்காமல், கதவைத் திறந்தபடி அறையிலேயே வையுங்கள். சாப்பாட்டில் கொஞ்சத்தை அதற்குள் வையுங்கள். வியன்னாவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், கூடைக்குப் பழக்கப்படுத்திய பூனைகள் கார்ப் பயணத்தில் குறைவான மன அழுத்தத்தையே காட்டின. இங்கே அது மிகவும் தேவை, ஏனென்றால் கருத்தடை அறுவைக்கு அதிக காலம் காத்திருக்க முடியாது. பூனையின் இனப்பெருக்கம் பகல் நீளத்தைப் பொறுத்தது. குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் அது நின்றுவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருக்கும் நமக்கு அந்த இடைவெளி இல்லை, ஆண்டு முழுவதும் குட்டி போடும். பெண் குட்டி நாலைந்து மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும். உங்கள் மருத்துவரிடம் தேதியை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயணத்துக்குள் கூடை குட்டிக்குப் பழகிய இடமாக இருக்க வேண்டும்.

வளர்க்க வேறு வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், கூடையோடு அந்தப் பழைய பனியனையும் கிண்ணத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அங்கேயும் முதல் வாரம் ஒரே அறை, ஓர் அட்டைப்பெட்டி, ஒரே ஆள். எந்தச் சொல்லுக்கு வருகிறது, எங்கே வருடினால் பிடிக்கும், எந்தச் சத்தத்துக்கு ஓடும் என்பதை எழுதிக்கொடுங்கள். பனியனை உடனே துவைத்துவிட வேண்டாம் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.